லாரியில் எல்லாம் வரும்போது உள்ளூரில் சிறு விவசாயம் எதற்கு?

"ஒட்டன்சத்திரத்திலிருந்து எல்லாக் காய்கறியும் லாரியில் வந்து இறங்கும்போது, அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்துக்கொண்டு விவசாயம் செய்வதால் ஊருக்கு உண்மையில் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் விட்டுச்சென்ற சிறு நிலத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற யோசனையில் இருக்கும் ஒருவரின் கேள்வியாகவே இதை வாசித்தேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஒரு தமிழ்க் கிராமத்தில் வாழ்கிறவள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. இந்தக் கேள்விக்கான விடையை 2020இல் என் வாசலிலேயே பார்த்தேன்.

அந்த ஆண்டு ஏறத்தாழ முழு நிலத்திலும் சொட்டுநீர் போட்டு ஒட்டுரகத் தக்காளி நட்டிருந்தோம். கிணற்றடியில் பன்னிரண்டு சென்ட் மட்டும் என் மாமியாரின் வசம் இருந்தது. கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு, சுரை, பூசணி, மிளகாய், இரண்டு முருங்கை, வேலியோரம் அவரை என்று ஒரு வரிசையும் இல்லாமல் எல்லாம் கலந்து நிற்கும். அதையும் அழித்துத் தக்காளிக்குச் சேர்த்தால் கூடுதலாகச் சில பெட்டிகள் கிடைக்குமே என்று நான்தான் இரண்டு வருடங்களாக வாதாடிக்கொண்டிருந்தேன். "இந்த அவரை எங்கம்மா குடுத்தனுப்புன விதை அம்மிணி, இதைப் புடுங்கிட்டா அப்புறம் எங்க போயி வாங்கறது?" என்று அத்தை ஒரே பதிலைத்தான் சொல்வார். அது எனக்கு அப்போது பிடிவாதமாகத் தெரிந்தது.

மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் போகும் சிறு பாதைகளில் தடுப்பு வைத்துவிட்டார்கள். எங்கள் தக்காளியை எடுக்கும் வியாபாரி வரவில்லை, பறிக்கும் ஆட்களும் வரவில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டிய காய் செடியிலேயே பழுத்து வெடித்து மண்ணில் விழுந்தது. அதே வாரத்தில் எங்கள் கடைத்தெருவில் காய்கறி இல்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நாளில் நடந்தன. வேறு யார் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவரைப் பருவம் முடிந்திருந்தது, ஆனால் காய்ந்த கொட்டை மண்பானையில் சாம்பலோடு இருந்தது. முருங்கை காய்க்கும் காலம். பரணில் பூசணிகள் இருந்தன. அத்தை காலையில் பறித்ததைத் திண்ணையில் பரப்புவார். பக்கத்து வீடுகளிலிருந்து கீரையும் வாழைப்பூவும் மோரும் பதிலுக்கு வரும். பத்து நாளில் எங்கள் தெருவின் முப்பது வீடுகளுக்கும் யாரிடம் என்ன இருக்கிறது, எவருக்கு எப்போது காய்க்கும் என்பது தெரிந்துவிட்டது. ஊராட்சி நடத்திய சமூகச் சமையற்கூடத்துக்கும் எங்கள் தெருவிலிருந்து காய் போயிற்று. என் தக்காளியும் போயிற்று, ஆனால் ஒரு சமையற்கூடத்துக்கு எத்தனை பெட்டி தக்காளி வேண்டும்?

என் தக்காளித் தோட்டமும் சிறியதுதான், உள்ளூர்தான். அந்த வாரம் அதனால் ஊருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு சென்ட் உதவியதற்குக் காரணம் அதில் பலவகை இருந்தது, விதை கையில் இருந்தது, விளைந்தது அடுத்த வீட்டுக்குப் போக ஒரு வழக்கம் இருந்தது. பரப்பு குறைவு என்பதற்காக மட்டும் சிறு விவசாயத்தைப் போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைப் படித்துவிட்டு, "பன்னிரண்டு சென்ட் ஊருக்குச் சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். போடாது. அந்த ஏப்ரலில் எங்கள் அட்டைக்கு 15 கிலோ இலவச அரிசி ரேஷன் கடையிலிருந்துதான் வந்தது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் நெல்வயலே, தமிழ்நாட்டோடு செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர்வதை நம்பித்தான் இருக்கிறது. உலக உணவில் 70 சதவீதம் சிறு விவசாயிகள் தருவது என்று மேடைகளில் சொல்வதையும் நான் சொல்லப்போவதில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கில், 2 ஹெக்டேருக்கு உட்பட்ட பண்ணைகளின் பங்கு சுமார் 35 சதவீதம்; ஆனால் அது விளைநிலத்தில் ஏறத்தாழ 12 சதவீதத்திலிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேரளத்தில் சராசரி நிலவுடைமையே 0.18 ஹெக்டேர், அதாவது 45 சென்ட்டுக்கும் குறைவு. எங்களிடம் இருப்பது சிறு நிலம் மட்டும்தான், பெரிய பண்ணையா சிறியதா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. நான் இயற்கை விவசாயப் பிரசாரம் செய்கிறவளும் அல்ல; தக்காளிக்கு உரமும் போடுகிறேன், மருந்தும் அடிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பர் முதல் கேரள அரசு 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலை, அதாவது சந்தையில் விலை சரிந்தாலும் விவசாயிக்கு உறுதியாகக் கிடைக்கும் விலை, அறிவித்தது. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்த நல்ல திட்டம். அதில் பதிவு செய்யப் போன இடத்தில் படிவம் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. என் கணவர் தமிழ்வழியில் படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத வராது. தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டதற்கு, யாரையாவது கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மொழிச் சிறுபான்மையினர் தமிழில் எழுத ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருந்தும் இதுதான் நடந்தது. அந்தப் பருவம் எங்களுக்குத் தவறிப்போயிற்று. மண்ணில் உழைக்கும் கைகளை ஒரு காகிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நிலத்தை விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் கடன் எனக்குத் தெரியாது. வைத்துக்கொள்வதானால் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுத்துவிடாதீர்கள், கிணற்றுக்கு அருகில் கால் பங்கையாவது வீட்டுக்கும் தெருவுக்கும் ஒதுக்குங்கள், விலைக்கு வாங்கும் ஒட்டுரகத்தோடு எடுத்துவைக்கக்கூடிய நாட்டு விதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை இப்போது இல்லை. அவருடைய அவரை எங்கள் தெருவில் ஒன்பது வீட்டு வேலிகளில் ஏறியிருக்கிறது. கிணற்றடிப் பாத்தியை முப்பது சென்ட்டாக்கி இருக்கிறோம். மீதியில் இன்னும் தக்காளிதான். வங்கிக் கடனுக்குப் பணம் அதிலிருந்துதான் வருகிறது.