பயிருக்கான அறிக்கையை நம்பிப் பட்டறை நிலத்தை வாங்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகள் எலக்ட்ரோபிளேட்டிங் (மின்சாரத்தால் உலோகத்துக்கு முலாம் பூசும்) பட்டறை நடந்த இடம் ஒன்று விலைக்கு வருகிறது. இடித்துவிட்டு முன்பக்கம் அலுவலகம், பின்னால் கிடங்கு கட்ட எண்ணம். விற்பவர் மண் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார். நகலை இணைத்திருக்கிறேன். இது போதுமா? நானே சோதிப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அறிக்கையைப் பார்த்தேன். கார அமிலத் தன்மை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் இருக்கின்றன. பயிர் வைக்கப் போகிறவருக்கு உதவும். ஆனால் குரோமியம், நிக்கல், காட்மியம், சயனைடு பற்றி ஒரு வரிகூட இல்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். கேட்காததை லேப் சோதிக்காது, அவ்வளவுதான்.

லேபுக்குப் போகும் முன், அங்கே வேலை பார்த்த பழைய ஆள் ஒருவரைப் பிடித்து இடத்தைச் சுற்றி நடங்கள். முலாம் தொட்டிகள் எங்கே நின்றன, கழுவிய தண்ணீர் எந்த வழியாக வெளியே போனது, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பான் டிரம்கள் எங்கே இருந்தன, கசடை எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள். தரையும் சாட்சி சொல்லும். சிமென்ட் அரித்து ஜல்லி தெரிந்தால் அமிலம் சிந்திய இடமாக இருக்கலாம். மஞ்சள் கறை இருந்தால் குரோமேட் என்னும் குரோமிய உப்பைச் சந்தேகியுங்கள். விரிசல், வடிகால் குழாய் இணையும் மூட்டு, கழிவுக் குழி இவற்றின் அடியில்தான் முதலில் தோண்ட வேண்டும். கையுறை கட்டாயம், எடுத்த மண்ணை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

இங்கேதான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏமாந்துபோகிறார்கள். ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிளாகக் கொடுப்பார்கள். ஓரிடத்தில் கிலோவுக்கு 500 மில்லிகிராம், மற்ற நான்கிலும் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் 116 என்று வரும். அந்த 500 காணாமலே போய்விடும். சந்தேகமான இடங்களைத் தனித்தனியாகவே அனுப்புங்கள். ஒவ்வொரு குழியிலும் மேல்மண்ணோடு நிறுத்தாமல், மண்ணின் நிறமோ தன்மையோ மாறும் ஆழத்திலும் ஒன்று எடுங்கள். மேலே இருப்பது வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய நிரப்பு மண்ணாகவும் இருக்கலாம்.

குரோமியத்தில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தக் குரோமியம் என்ற எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் இரண்டு வடிவங்கள் சேர்ந்திருக்கலாம். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். குரோமியம்-6 நச்சு மிக்கது, தண்ணீரோடு சேர்ந்து நகரும். இரண்டையும் பிரித்துச் சொல்லும்படி லேபில் எழுதிக் கேளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்-ரே கருவி மொத்த அளவைத்தான் காட்டும். எங்கே தோண்டலாம் என்று முடிவு செய்ய அது நல்ல துணை. அப்புறம், குரோம் பூசிய கரண்டியால் சாம்பிள் எடுத்துவிடாதீர்கள்!

கரைப்பான் விஷயம் வேறு மாதிரி. அந்தக் காலத்துப் பட்டறைகளில் டிரைகுளோரோஎத்திலீன் சாதாரணம். காற்றில் பறந்துவிடும் பொருள் அது. வாளியில் போட்டுக் கிளறினால் பாதி அங்கேயே போய்விடும், அறிக்கை சுத்தமாக வரும். தோண்டியவுடன் மண்ணைச் சிறு குழாயால் குத்தியெடுத்து, லேப் தரும் மெத்தனால் குப்பியில் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மெத்தனால் இல்லாமல் எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் லேப் கைக்குப் போக வேண்டும். நீங்கள் கட்டப் போவது அலுவலகம். அடியில் இருக்கும் ஆவி தரை விரிசல் வழியாக அறைக்குள் ஏறும். ஆகவே மண்ணோடு, மண்ணுக்குள் இருக்கும் காற்றையும் சோதியுங்கள். இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

பட்டறையின் நிழல்கூடப் படாத ஒரு மூலையிலிருந்தும் ஒரு சாம்பிள் எடுங்கள். நிக்கலும் குரோமியமும் சில மண்ணில் இயற்கையாகவே கூடுதலாக இருக்கும். ஒப்பிட ஒன்று வேண்டும்.

லேபுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கும் சோதனையும் அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். அறிக்கை வந்ததும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைக் கண்டு சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கண்டறியும் அளவு, அதாவது அந்தச் சோதனையால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு, என்று ஓர் எண் இருக்கும். அது உங்கள் ஊர் விதியின் வரம்பைவிடப் பெரியதாக இருந்தால், அந்தச் சோதனையால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்றே அர்த்தம். குடியிருப்புக்கு ஒரு வரம்பு, தொழிற்சாலைக்கு ஒரு வரம்பு இருக்கலாம். எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

அடியாழத்துச் சாம்பிளிலும் மாசு வந்தால், ஆள் வைத்து இன்னும் ஆழமாகத் துளை போட்டுப் பார்க்காதீர்கள். டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது. அதைத் தாங்கி நிற்கும் களிமண் அடுக்கை உடைத்தால், நீங்கள் போட்ட துளையே அதற்கு நிலத்தடி நீருக்கு வழியாகிவிடும். அங்கிருந்து மாசு ஆய்வு நிறுவனத்தின் வேலை. அதுவரை முன்பணம் கொடுக்காமல் இருங்கள்.