பாறை ஆற்றில் கயாக்: ரோல் வந்தால் இறங்கிவிடலாமா?

கேள்வி: பெங்களூரில் நீச்சல் குளத்தில் கயாக் பழகுகிறேன், கவிழ்ந்தால் படகை விட்டு இறங்காமலே உருண்டு நிமிரும் ரோல் போட்டு எழ வருகிறது. ஜூலையில் கோழிக்கோடு அருகே சாலிப்புழாவில் இறங்க ஓர் ஏஜென்ட் இரண்டு நாள் பேக்கேஜ் சொல்கிறார். படகு பாறையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் பயம். போகலாமா? (வாசகர், கே.ஆர்.புரம்)

பதில்: நியாயமான பயம். மாட்டிக்கொண்ட படகில் ரோல் உதவாது.

படகு பக்கவாட்டில் பாறையை நோக்கி அடித்துச் செல்லப்படும்போது உடம்பு தன்னால் பாறையை விட்டு விலகிச் சாயும். அங்கேதான் ஆபத்து. நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்ததும் தண்ணீர் அதன் மேல் ஏறிப் படகைக் கவிழ்த்து, பாறையோடு ஒட்டி அழுத்திவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கை பலத்தால் மீள முடியாது. அதனால் பாறைப் பக்கமே சாய்ந்து, அதைக் கட்டிப்பிடித்து, கையால் தள்ளித் தள்ளிப் படகை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். பாறை முன்னால் நீர் மோதி மேடுகட்டித் திரும்பினால் ஓரளவு நல்லது. மோதின அடையாளமே இல்லாமல் நேராக உள்ளே போனால் பாறை அடியில் குடைந்திருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படகை விட்டு வெளியே வந்துவிட்டால் எழுந்து நிற்காதீர்கள். முழங்கால் அளவு நீரிலும் பாதம் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் உங்களை முன்னால் தள்ளி முகத்தை நீருக்குள் அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் மேலே தெரிய மிதந்து கரை ஒதுங்குங்கள்.

விழுந்து கிடக்கும் மரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. மழைக்காலத்தில் மூங்கிலும் மரமும் ஆற்றின் குறுக்கே கிடக்கும். கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. கால் முன்னால் போனால் உடம்பு அடியில் இழுபடும். விலக வழியில்லை என்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னால், வேகமாக நீந்தி, நெஞ்சு மரத்தின் மேல் ஏறும்படி தாவுங்கள். மரத்தருகே வந்த பிறகு திரும்ப நேரமிருக்காது. பார்த்தவுடனே திரும்ப வேண்டும்.

இனி ஏஜென்ட். வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்துக் கமிஷன் எடுத்துக்கொண்டு, உங்களை ஆற்றங்கரையில் யாரிடமோ ஒப்படைப்பவர்களே அதிகம். பணம் கட்டும் முன் கேளுங்கள்: வழிகாட்டி யார்? அவருக்கு வெள்ளநீர் மீட்புப் பயிற்சிச் சான்றிதழ் உண்டா, எப்போது வாங்கியது? ஒவ்வொரு சரிவுக்கும் கீழே 15 முதல் 20 மீட்டர் கயிறுள்ள த்ரோ பேக்கோடு (நீரில் விழுந்தவரிடம் வீசும் கயிற்றுப் பை) யார் நிற்பார்? நீர் ஏறினால் பணம் திரும்ப வருமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். பணத்தைத் திருப்ப மனமில்லாதவர் எந்த வெள்ளத்திலும் இறக்கிவிடுவார். இதையெல்லாம் வாடிக்கையாளர் விசாரிக்க வேண்டியிருப்பதே அவலம். ஆள் செத்த பிறகு ஆற்றுக்குத் தடை போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, சீசனுக்கு முன் சான்றிதழைச் சரிபார்க்க ஓர் ஆளை அனுப்பத் தெரியவில்லை.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் உங்கள் அளவில்லை. சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) கழற்றும் இழுப்பு வார் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடங்கிவிட்டால் தலைகீழாகத் தேட வேண்டிவரும்.

இந்த ஜூலையில் சாலிப்புழாவின் செங்குத்தான பகுதி வேண்டாம். குளத்தில் வரும் ரோல் ஓடும் நீரில் முதலில் வராது. இரண்டாம் கிரேடு (எளிதான) ஓட்டத்தில், இரண்டு பக்கமும், எதிர்பாராமல் கவிழும்போதும் ரோல் வரும்வரை பழகுங்கள். எங்கே இறங்கினாலும் நீர் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். அரை மணியில் அது மூழ்கினால் அன்றைக்குப் படகை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.