அம்மா செருப்பைக் கழற்றியபோது

வணக்கம் சார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைப் போன ஞாயிறு தில்லி ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். ஒன்றையும் விடக்கூடாது என்று நான் ஹரப்பாவிலிருந்து கூடம் கூடமாக ஓட, அம்மா சோழர் கால நடராஜர் முன்னால் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “இது மியூசியம்மா, கலைப்பொருள்” என்றேன். அம்மா முகம் வாடிவிட்டது. நான் சொன்னது தப்பா?
- ஆர்., மயூர் விஹார்

அன்புள்ள ஆர்.,

தப்பில்லை, அவசரம். சுமார் 2 லட்சம் பொருள்கள் இருக்கிற இடத்தில் ஒன்றையும் விடாமல் பார்க்க யாரால் முடியும்? மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைக் கவனித்தீர்களா? பாடப்புத்தகப் படத்தை மனதில் வைத்துத் தேடினால் கிடைக்கமாட்டாள், உயரமே பத்தரை சென்டிமீட்டர். முதல் தடவை நானும் தாண்டித்தான் போனேன்.

சரி, நடராஜர். சோழர் செப்புத்திருமேனிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், பலவற்றின் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். கழி செருகி, கயிறு கட்டி, தோளில் தூக்கி வீதியுலா கொண்டுபோவதற்கு. திருவாதிரைப் புறப்பாடு பார்த்து வளர்ந்தவருக்கு அது உற்சவர்தான், பெயர்ப்பலகை என்ன சொன்னாலும். 'கலைப்பொருள்' என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் அந்தப் பெயரில்தான் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார், 2014-இல்தான் தில்லியில் திரும்ப ஒப்படைத்தார்கள்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. கோயிலில் பட்டும் மாலையும் போக நமக்குத் தெரிவது முகமும் தூக்கிய ஒரு கையும்தான். முயலகன் மேல் வலது பாதம் அழுந்துவதும், இடுப்பு லேசாக ஒடிவதும் அலங்காரம் இல்லாத இடத்தில்தான் கண்ணில் படும். சுற்றிவர இடமிருந்தால் எந்தத் திருமேனிக்கும் பின்னால் போய்ப் பாருங்கள். பக்தர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஸ்தபதி முதுகையும், தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரத்தையும் எவ்வளவு பொறுமையாக முடித்திருக்கிறார்! மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றும் அதே வேலைதான் அந்தக் குட்டி நடனப் பெண்ணுக்கும் நடந்தது. சுவாமிமலையில் இன்றைக்கும் நடக்கிறது. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

அம்மா எப்போது ஊருக்குக் கிளம்புகிறார்? திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் இன்னொரு தடவை போங்கள். ஹரப்பா பக்கமே திரும்பாமல் நேரே அந்தக் கூடத்துக்குப் போய், இந்தத் தடவை அம்மாவைப் பேசவிடுங்கள்.