மதத் தீவிரவாதத்தை அடக்கக் கடும் சட்டம் போதாதா? மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "மதத்தின் பெயரால் குண்டு வைப்பவர்களுக்குச் சாதாரண நீதிமன்றமும் பிணையும் எதற்கு? இலங்கையில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கடும் சட்டம் உதவியதா இல்லையா?"

நான் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் ஜூனியராக இருப்பவன். சட்டப் புலமையோடு எழுதவில்லை, நீதிமன்ற வாசலில் நின்று பார்த்ததையும் ஊரறிந்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். உதவவில்லை என்பதே என் பதில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தபோது எங்களிடம் கடும் சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டுச் சட்டம். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கினார்கள். ஏப்ரல் 21 அன்று அதற்குக் கிட்டத்தட்ட 40 வயது.

அந்தச் சட்டம் வேலை செய்த விதத்துக்கு வவுணதீவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டவுனிலிருந்து வாவியைக் கடந்து வலையிறவுப் பாலத்தால் போனால் வவுணதீவு. 2018 நவம்பர் 30 அதிகாலை, அங்கே சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ்காரர் கொலையுண்டு கிடந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களின் துப்பாக்கிகளும் பறிபோயிருந்தன. செத்த புலிப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் கழிந்து மூன்றாம் நாள். அந்த ஒரு திகதியே விசாரணைக்குப் போதுமாக இருந்தது. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைத்தார்கள். ஊடகமும் அரசியல்வாதிகளும் "புலிகள் மீண்டும்" என்று எழுதித் தள்ளினார்கள். நாங்களும் பெரிதாக வாய் திறக்கவில்லை, பயம்தான்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, அந்தத் தற்கொலைக் குண்டுதாரிகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமின் சாரதி பிடிபட்டபோதுதான் கதை வெளியே வந்தது. அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள். தடுத்து வைத்திருந்தவரை 2019 மே மாதம் விடுவித்தார்கள். அவர் உள்ளே இருந்த அந்த ஐந்து மாதமும் உண்மையான கொலைகாரர்கள் வெளியே இருந்தார்கள். சாதாரணக் கொலை வழக்காக நடத்தியிருந்தால், ஆளை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தியிருக்க வேண்டும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை "என்ன சான்று கிடைத்தது" என்று நீதவான் கேட்டிருப்பார். பதில் இல்லாவிட்டால் வேறு பக்கம் தேடத்தான் வேண்டும். பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்தில் மூன்று மாதம், பிறகு இன்னொரு மூன்று மாதம் என்று அன்றைக்குப் 18 மாதம் வரை வைத்திருக்க அனுமதி இருக்கையில் யார் மினக்கெட்டுத் தேடப் போகிறார்கள்?

சஹ்ரான் மறைந்திருந்து திடீரென்று முளைத்த ஆளும் அல்ல. 2017 மார்ச் 10, காத்தான்குடி அலியார் சந்தியில் அவருடைய ஆட்களுக்கும் சூபி வழியைப் பின்பற்றுபவர்களுக்கும் வெட்டுக்குத்து நடந்தது. சிலரைக் கைது செய்தார்கள், சஹ்ரான் தலைமறைவானார், பிடியாணை பிறந்தது. அவருடைய பேச்சுகளைப் பற்றிப் பொலிஸுக்கு முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். இதைத் தமிழர்களிடமும் சிங்களவர்களிடமும் எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. பயங்கரவாத விசாரணைப் பிரிவின் பொறுப்பதிகாரியாக இருந்த நாலக டி சில்வா சஹ்ரானின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். 2018 ஒக்டோபரில் அவரே, ஜனாதிபதியைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டில் கைதானார். அந்த டிசம்பரில் மாவனெல்லையில் சஹ்ரானோடு தொடர்புள்ளவர்கள் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். அந்த நூலைப் பிடித்துப் போன குற்றப் புலனாய்வுத் திணைக்களம் 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்துக் குவியலைக் கண்டுபிடித்தது. ஏப்ரல் 4 இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 16 எங்கள் பக்கத்துப் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்க வைத்து ஒத்திகை பார்த்தார்கள். இவ்வளவும் கோப்புகளில் இருந்தவை. இதில் எங்கே சட்டம் போதவில்லை என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

அந்த ஞாயிறு குண்டோடு மட்டக்களப்புக்கு வந்தவன் முதலில் போனது மரியாள் பேராலயத்துக்கு. அங்கே பூசை முடிந்துவிட்டது. அதனால் சீயோன் தேவாலயத்துக்கு வந்தான். ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனை தொடங்க முன் சிற்றுண்டி சாப்பிட்டபடி பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். எங்கள் ஊரில் செத்தவர்களில் பலர் அந்தப் பிள்ளைகள். நாடு முழுக்க மூன்று தேவாலயம், மூன்று பெரிய ஹோட்டல், பின்னேரம் தெஹிவளை, தெமட்டகொட என்று 260 பேருக்கு மேல். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடும் சட்டம் வேண்டாம் என்பவன் கொலையாளிக்குப் பரிந்து பேசுகிறான் என்ற பேச்சு எப்போதும் வரும். சீயோனில் பிள்ளையைக் கொடுத்த வீடு என் தெருவிலும் இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

இனித் தாக்குதலுக்குப் பிறகு நடந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, ஆயிரக்கணக்கில் கைது. குர்ஆன் பிரதி, அரபு எழுத்துள்ள புத்தகம், சமையலறைக் கத்தி என்று வீட்டில் இருந்ததெல்லாம் சான்றுப் பொருளாகியது. ஹசலகவில் ஒரு பெண் போட்டிருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் படம். அது தர்மச்சக்கரம், பௌத்தத்தை அவமதித்துவிட்டாள் என்று கைது செய்து விளக்கமறியலில் போட்டார்கள். அதற்குப் பாவித்த சட்டம் என்ன தெரியுமா? சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைச் சட்டம், 2007. மனித உரிமையைக் காக்க வந்த சட்டம். மத வெறுப்பைத் தூண்டுவோரைப் பிடிக்க அதில் ஒரு பிரிவு இருக்கிறது, நீதவானால் பிணை கொடுக்க முடியாது. கடும் சட்டம் எவர் கையில் போகும் என்பதை எழுதியவர்கள் தீர்மானிப்பதில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு அந்த நாட்களில் வந்த ஒரு தாயை மட்டும் சொல்கிறேன், பெயர் ஊர் வேண்டாம். பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டு தாளை நீட்டினார். மகனுடைய தடுப்புக் கட்டளை, முழுக்கச் சிங்களத்தில். ஒரு தாளை மூன்று மாதமாக வைத்திருக்கிறார், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்கு வாசித்துச் சொல்லவில்லை. மற்றது நீடிப்புக் கட்டளை. திகதியும் இலக்கமும் தவிர இரண்டும் ஒரே வாசகம். சீனியர் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டது, "அப்ப அவன் என்ன செய்தானாம்?" தாளில் அதற்குப் பதில் இல்லை. சஹ்ரானின் வகுப்பு ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தான் என்பதைப் பிறகு வேறு வழியால் அறிந்தோம்.

பெயர் தெரிந்த வழக்குகளும் இப்படித்தான் போயின. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வந்தார். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் எழுதிய கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று 2020 மேயில் பிடித்தார்கள். அந்தத் தொகுப்பில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. ஒன்றரை வருஷம் உள்ளே, பிறகு பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு பேருக்கும் செலவழித்த விசாரணை நேரத்தை எங்கே செலவழித்திருக்கலாம் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

எதிர்ப்பக்கத்துத் தீவிரவாதத்துக்கு என்ன நடந்தது? 2019 மே 13ஐ ஒட்டி குளியாப்பிட்டிய, மினுவாங்கொட பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஊரடங்கு போட்டிருக்கும்போதே எரிந்தன. அதே மாதம், நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு வருஷத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த, பொதுபல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் செயலாளர் ஞானசார தேரருக்கு ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவரையே "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்குத் தலைவராக்கினார்கள். இதற்கு மேல் நான் விளக்கவுரை எழுதத் தேவையில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் என்னை அதிகம் உறுத்துவது தடுப்புக் காவல் அல்ல, வாக்குமூலம். சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது குற்றஞ்சாட்டப்பட்டவர். மட்டக்களப்புக்காரரான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சாட்சி. 1993இல் கைது. தனக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிட்ட வாக்குமூலத்தில் கைநாட்டு. அதை மட்டும் வைத்து 1995இல் 50 வருஷத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று ஐநா மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. தமிழ் இளைஞர்கள் மேல் பழகிய கை அது. வாக்குமூலம் கிடைத்தால் போதும் என்று முப்பது வருஷம் பழகிய பொலிஸுக்குக் கைரேகை, தொலைபேசிப் பதிவு, பணம் போன பாதை என்று தேடும் பொறுமை எங்கிருந்து வரும்? வவுணதீவில் கோட்டை விட்டது இந்தப் பழக்கத்தால்தான் என்பது என் கணிப்பு.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்ற கேள்வியும் வரும். தாக்குதலுக்குத் துணை நின்றதாக 25 பேருக்கு எதிராக 23,270 குற்றச்சாட்டுகளுடன் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு 2021இல் தொடங்கியது. குற்றப்பத்திரிகையைத் தமிழாக்கிக் கொடுப்பதே ஒரு தாமதம். இதை எழுதும்வரை தீர்ப்பு வந்ததாக நான் அறியவில்லை. எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ, முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தர ஆகியோர் மேல் தலா 855 குற்றச்சாட்டு. 2022 பெப்ரவரியில் எதிர்த்தரப்புச் சாட்சிகளை அழைக்காமலே விடுதலை. சட்டமா அதிபர் மேன்முறையீட்டுக்குப் போனார்.

ஆனால் ஒரு கதவு திறந்தது, அது குற்றவியல் கதவே அல்ல. பாதிக்கப்பட்டவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் சட்டத்தரணிகளும் போட்ட 12 அடிப்படை உரிமை மனுக்களை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். பதவியில் இருக்கும் ஜனாதிபதி மேல் நேரடியாக வழக்குப் போட முடியாது. மைத்திரிபால சிறிசேன பதவி விட்டிருந்ததால் அவரும் பிரதிவாதியானார். 2023 ஜனவரி 12 தீர்ப்பு: சட்டத்தின் முன் சமத்துவமும் வழிபாட்டுச் சுதந்திரமும் மீறப்பட்டன. சிறிசேன 10 கோடி ரூபாய், பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, ஹேமசிறி 5 கோடி, தேசியப் புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி. சொந்தக் காசில் கட்ட வேண்டும். முன்னாள் ஜனாதிபதி தவணை கேட்டு நின்றதை நாடே பார்த்தது. சில குடும்பங்களுக்கு இது போதாது, காசா கேட்டோம் என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் "எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவில்லை" என்று ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிய கூட்டத்தை ஒரே வரிசையில் நிறுத்திய தீர்ப்பு இந்த நாட்டில் அதற்கு முன் எனக்கு ஞாபகமில்லை. அதற்குக் கடும் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை, அடிப்படை உரிமை மனுவுக்கு வழிவிடும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை போதுமாக இருந்தது.

(சூத்திரதாரி யார், எந்தப் புலனாய்வுக்காரர் யாரைச் சந்தித்தார் என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. பின்னூட்டத்தில் அதை இழுக்க வேண்டாம்.)

எங்களுக்கு ஐந்து வாரம் முந்தி, 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் வெள்ளையினவாதி ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். 2020 ஓகஸ்டில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. தண்டனைத் தீர்ப்புக்கு முந்திய நாட்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள் அவன் முன்னாலேயே வாசிக்கப்பட்டன. அதே ஆண்டு அரச ஆணைக்குழு அறிக்கையும் வெளிவந்துவிட்டது. அங்கே ஒற்றை ஆள், உயிரோடு பிடிபட்டவன், குற்றத்தை ஒப்புக்கொண்டவன். இங்கே குண்டு கட்டியவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள், மிஞ்சியது துணை நின்றவர்கள். எனவே கால அளவை ஒப்பிடுவது சரியல்ல. பாதிக்கப்பட்டவர் பேசுவதற்கு நீதிமன்றத்தில் இடம் கொடுத்ததை மட்டும் ஒப்பிடலாம். சீயோன் குடும்பங்களுக்கு அப்படி ஒரு நாள் இன்னும் வாய்க்கவில்லை.

"அப்போ சந்தேக நபரை விட்டுவிடுவதா?" என்றால், இல்லை. தாக்குதல் நடந்த கிழமையில் பொலிஸுக்குக் கூடுதல் அதிகாரம் தேவைப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பமும் மிச்ச ஆட்களும் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தது எந்தச் சட்டமும் அல்ல. புதிதாகக் குடிவந்தவர்களில் சந்தேகப்பட்ட அந்த ஊர் முஸ்லிம்கள்தான் தகவல் கொடுத்தார்கள். அங்கே துப்பாக்கிச் சண்டையிலும் குண்டு வெடிப்பிலும் செத்த 15 பேரில் ஆறு பேர் பிள்ளைகள். தகவல் கொடுத்த அதே சமூகத்தின் வீடுகளில் அடுத்த மாதம் குர்ஆனைத் தேடினால், இன்னொரு தடவை யார் வந்து சொல்வார்கள்?

2022 திருத்தம் தடுப்புக் காவலை 12 மாதமாகக் குறைத்து, பிணைக்கும் கொஞ்சம் வழி விட்டது. வாக்குமூலப் பிரிவு அப்படியே இருக்கிறது. சட்டத்தை மாற்றுகிறோம் என்று அரசாங்கம் மாறி மாறி வரைவு கொண்டுவருகிறது. உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு வரைவு வந்தால் பெயரையும் முன்னுரையையும் விட்டுவிட்டு நேரே மூன்று பிரிவுக்குப் போங்கள்: தடுப்புக் கட்டளையில் கையெழுத்திடுவது நீதவானா அமைச்சரா, பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆளை நீதவான் நேரில் பார்க்க வேண்டும். நான் எந்த வரைவு வந்தாலும் முதலில் வாசிப்பது அவற்றைத்தான்.