17 இன்ச் 9ஜே அலாயில் 205/40 டயரை இழுத்து மாட்டலாமா?

கேள்வி இதுதான்: கார் கம்பெனியிலிருந்து 205/55 ஆர்16 டயரோடு (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச்) வந்திருக்கிறது. 17 இன்ச், 9ஜே அகலம் (அதாவது 9 இன்ச்), இ.டி. 35 (ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் மி.மீ.யில், எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும்) உள்ள அலாய் செட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. அதில் 205/40 ஆர்17 டயரை இழுத்து, அதாவது அகலமான ரிம்மில் குறுகிய டயரை விரித்து மாட்டினால் ரிம் வெளியே தெரிந்து பார்க்க நன்றாக இருக்கும், நண்பர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள், நம்பி மாட்டலாமா?

இந்த அளவுகளைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் நான் ஏழு மாதம் ஓட்டியது இதே அளவு. அதே 9ஜே, அதே 35, அதே 205/40. கேம்பர் தட்டு (சக்கரத்தின் சாய்வை மாற்றும் தகடு), ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலிருக்கும் பாடித் தகடு) மடிப்பு எல்லாம் செய்து ஓட்டினேன். அதனால் நீங்கள் இப்போது எந்த மனநிலையில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அலாய் படத்தை ராத்திரி பத்து தடவை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். காரை நிறுத்திவிட்டு நடக்கும்போது திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதில் தப்பே இல்லை. ‘வெட்டிச் செலவு’ என்று இங்கே சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சொந்தக் காரில் கை வைத்து, கெடுத்து, சரி செய்து கற்றுக்கொண்டவன். எண்களை மட்டும் டயர் கம்பெனிகளின் அளவு அட்டவணையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

205/40 ஆர்17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 8 இன்ச் வரை. 9ஜே அதைவிட ஒரு முழு இன்ச் அதிகம். 9 இன்ச் என்றால் 228.6 மி.மீ. டயரின் பெயரில் 205 என்று இருந்தாலும், 7.5 இன்ச் ரிம்மில் மாட்டி அளந்தால் அதன் அகலம் சுமார் 212 மி.மீ. ரிம் அரை இன்ச் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ஆக 9ஜேயில் அது 227 மி.மீ.க்குப் பக்கத்தில் நிற்கும். ரிம்மின் இரண்டு உதடுகளையும் சேர்த்து வெளிப்புறமாக அளந்தால் ஏறக்குறைய 254 மி.மீ. வரும். அதாவது பக்கத்துக்குச் சுமார் பதின்மூன்று மி.மீ. உலோகம் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெளியே நிற்கிறது. நாம் ஆசைப்படும் அழகும் அதுதான், ஒவ்வொரு பள்ளத்திலும் முதல் அடி வாங்குவதும் அதுதான்.

இனி என் கதை. டயர் மாட்டின நாளிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. சாதாரண டயரில் காற்று விட்டதும் பீட் எனப்படும் அந்தத் தடித்த விளிம்பு தானாகவே ரிம்மில் ஏறி உட்காரும். இதில் பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. விட்ட காற்றெல்லாம் அந்த வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. கடையில் இருந்த பையன் ஏதோ ஸ்ப்ரேயை உள்ளே அடித்து லைட்டரைக் கொண்டு வந்தான். நான் நடுவில் போய் நின்று வேண்டாம் என்றேன். முதலாளிக்குக் கோபம். பிறகு காற்றை மொத்தமாகத் தள்ளும் டேங்க் ஒன்றை வரவழைத்து அடித்தார்கள். டம், டம் என்று இரண்டு சத்தம். பீட் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தம் வந்தபோது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. பல டயர்களின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்: பீட் உட்கார வைக்க 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதே என்று. அதற்கு மேல் போனால் பீட்டுக்குள் இருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கலாம், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. தீ வைத்து உட்கார வைக்கும் வீடியோக்களை ரசித்துப் பார்க்கும் தம்பிகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறுபது கிலோமீட்டரிலேயே ஸ்டியரிங் நடுங்கியது. நிறுத்திப் பார்த்தால் இரண்டு போல்ட் கையாலேயே சுற்றியது. என் காரின் ஒரிஜினல் போல்ட்டுக்கு அடிப்பகுதி பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வாங்கின அலாயின் துளையோ 60 டிகிரி கூம்பு. உருண்டை கூம்புக்குள் முழுசாகப் படியாது, ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் தளரும். இதைக் கடையில் ஒருவரும் பார்க்கவில்லை. மையத் துளையும் அப்படித்தான்: என் காரின் ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) 57.1 மி.மீ., அலாயின் துளை 73.1. நடுவில் போட வேண்டிய வளையம் போடாமல் அனுப்பிவிட்டார்கள். கூம்பு போல்ட், வளையம் இரண்டையும் நானே தேடி வாங்கி, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கின பிறகுதான் நடுக்கம் நின்றது. அந்த 120 என் காருக்கு. உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். எப்படியும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆஃப்செட் பாக்கி இருந்தது. கம்பெனி ரிம்மின் 6.5ஜே, இ.டி. 45இலிருந்து 9ஜே, இ.டி. 35க்குப் போனால் சக்கரம் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 42 மி.மீ. தள்ளும், உள்பக்கம் 22 மி.மீ. நெருங்கும். 42 மி.மீ. என்றால் ஃபெண்டரை உரசாமல் எப்படித் திரும்பும்? அதனால்தான் ஃபெண்டரின் உள்விளிம்பை மடக்கினேன், அப்படியும் போதாமல் சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து மூன்று டிகிரி நெகட்டிவ் கேம்பர் வைத்தேன். கேம்பரை மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், உடனே அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ‘கேம்பர்தானே மாத்தினோம், ஸ்டியரிங் நேராத்தானே இருக்கு’ என்று நான் விட்டுவிட்டேன். இந்த ஒன்றுக்கு யார்மீதும் பழி போட முடியாது. தப்பு முழுக்க என்னுடையது.

அதன் விளைவு ஆறு மாதம் வெளியே தெரியவே இல்லை. வெளிப்பக்கம் இருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிகாலையில் அம்மாவையும் அக்காவையும் அக்கா பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் போவதாக ஏற்பாடு. காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிறுத்தும்போது ஸ்டியரிங் முழுக்கத் திரும்பின நிலையில் இருந்ததால் முன் இடது டயரின் உள்பக்கம் கைக்கு எட்டியது. ஈரத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன். துணி எதிலோ மாட்டி இழுபட்டது. ஏதோ முள் என்று நினைத்துக் கையை விட்டுத் தடவினால் வரிசையாகக் குத்துகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் தோள் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகள் பித்தளை நிறத்தில் சின்னச் சின்ன ஊசிகளாக நீட்டிக்கொண்டிருந்தன. துணியில் இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டு வந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா முன் சீட்டில் உட்காருவார். அந்தச் சக்கரம் அவர் காலடிக்கு நேர் முன்னால்.

பயணம் மச்சானுடைய காரில் போனது. ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரிஜினல் டயரின் லோடு எண் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. நான் மாட்டின 205/40இன் எண் 84, அதாவது 500 கிலோ. என் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் முன் அச்சுக்கு உச்ச எடை 1020 கிலோ. பக்கத்துக்கு 510. வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறினால் டயர் தன் எல்லையிலேயே நிற்கிறது, சில சமயம் தாண்டியும் போகிறது. அந்த 500 கிலோவும் சும்மா கிடைக்காது. அது எக்ஸ்.எல். (கூடுதல் எடை தாங்கச் செய்த வகை) டயர், 42 பி.எஸ்.ஐ. காற்றில்தான் முழு எடை தாங்கும். நான் கதவில் எழுதியிருந்த 32ஐயே அடித்துக்கொண்டிருந்தேன். அந்த 32 பழைய டயருக்கு எழுதினது. இதற்கு மேல், அனுமதித்த ரிம் அகலத்துக்கு வெளியே போய்விட்டால் டயர் கம்பெனி அந்த 500 கிலோவுக்கும் பொறுப்பேற்காது.

‘நாலு வருஷமா 10ஜேயில 205 ஓட்டுறேன், பீட் ஒரு தடவைகூட கழன்றதில்ல’ என்று கமெண்டில் ஒருவர் வருவார். வாருங்கள். எனக்கும் கழலவில்லை. ஜப்பானில் ஹிப்பாரி என்று சொல்லி இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள், காற்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர்களுக்கு அது உட்கார்ந்தே இருக்கிறது. ஆனால் இழுத்து மாட்டின டயரின் பக்கச்சுவர் சாய்ந்து நின்று பீட்டை எப்போதும் ரிம்மின் நடுப் பள்ளத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நிற்பது காற்று அழுத்தமும் ரிம்மில் இருக்கும் சின்ன மேடும் மட்டும்தான். ஆணி குத்தி மெதுவாகக் காற்று இறங்குகிற நாளில், ஒரு வேகத் திருப்பத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. நீங்கள் தனியாக ஓட்டும் காட்சிக் கார் என்றால் அது உங்கள் முடிவு. வீட்டு ஆட்கள் ஏறும் காருக்குத்தான் நான் எழுதுகிறேன்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் சக்கரத்தைப் பார்த்து ரோட்டில் நிறுத்தி அறிவுரை சொன்னவர்களில் பாதிப் பேர் ஹாலஜன் பல்புக்குச் செய்த ஹெட்லைட்டுக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்பைத் திணித்து வைத்திருந்தவர்கள். அந்தக் கண்ணாடிக் கிண்ணம் ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்குக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி.யின் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து கிளம்பி எதிரே வருகிறவர் கண்ணில் போய்ச் சிதறுகிறது. என் டயரால் முதல் ஆபத்து என் வீட்டுக்கு. அவர்கள் விளக்கால் முதல் ஆபத்து முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு. அதை ஒருவரும் மாடிஃபிகேஷன் என்று சொல்வதில்லை, ‘நல்லா வெளிச்சமா இருக்கு’ என்று பாராட்டுகிறார்கள். என்னால் இதைச் சகித்துக்கொள்ளவே முடிவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 9ஜே செட்டை விட்டுவிடுங்கள். இப்போது என் காரில் இருப்பது 17 இன்ச் 8ஜே, இ.டி. 40, டயர் 215/45 ஆர்17, எக்ஸ்.எல்., லோடு எண் 91. பழைய 615 கிலோ அப்படியே இருக்கிறது. 215/45க்கு அனுமதித்த உச்ச அகலமே 8ஜே என்பதால் பக்கச்சுவர் தொப்பை போடாமல் நேராக, லேசாக இழுத்த மாதிரியே நிற்கிறது. வெளிப்பக்கம் 24 மி.மீ. வந்திருக்கிறது, ஃபெண்டரோடு சமமாக. இதற்குக் கேம்பர் எதுவும் தேவைப்படவில்லை. மொத்த விட்டம் ஒரிஜினலைவிட ஒரு சதவீதம்தான் குறைவு. 205/40இல் 36 மி.மீ. குறைந்து, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 94இல் போய்க்கொண்டிருந்தது. காற்று எவ்வளவு என்பதை மட்டும் கதவு ஸ்டிக்கரை நம்பாமல் டயர் கம்பெனியின் லோடு அட்டவணையில் பார்த்து வையுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வேறு செகண்ட் ஹேண்ட் செட் பார்த்தால் டயரைக் கழற்றச் சொல்லி உள்பக்க உதட்டை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பெயிண்ட் புதுசாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள், வெல்டிங் வைத்த இடம் லேசாக மேடு தட்டும். பிறகு அலாயின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் அகலம், இ.டி., பி.சி.டி. (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) எண்களையும் உங்கள் கதவுத் தூண் தகட்டையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.