நீண்ட கார் பயணத்துக்கு நம்பி வாங்கக்கூடிய போர்ட்டபிள் டிவிடி பிளேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான்கு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், காரில் ஆறேழு மணி நேரப் பயணம், எத்தனை அங்குலத் திரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திரை அளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது பிளேயர். முதல் இரண்டிலும் படத்திலோ சத்தத்திலோ எந்தக் குறையும் இல்லை, இரண்டுமே மின்சாரம் வரும் வழியில்தான் எங்களைக் கைவிட்டன. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது முன்சீட்டுகளின் பின்னால் மாட்டும் இரட்டைத் திரை. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் உள்ளே பேட்டரி கிடையாது, காரின் சாக்கெட்டிலிருந்து கரண்ட் வந்தால்தான் ஓடும். பெட்ரோல் போட எஞ்சினை நிறுத்தினால் படமும் நின்றுவிடும், திரும்ப ஸ்டார்ட் செய்தால் மறுபடி மெனு, மொழித் தேர்வு, படம் முதலிலிருந்து. சின்னவள் ஒவ்வொரு முறையும் அழுதாள், எனக்கே பாவமாக இருந்தது. எஞ்சின் நின்ற பிறகும் சாக்கெட்டில் கரண்ட் வரும் காரானாலும், திரும்ப ஸ்டார்ட் செய்ய ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் இறங்கும், பேட்டரி இல்லாத பிளேயர் அதற்கே அணைந்துபோகும். ஆகவே உள்ளேயே பேட்டரி உள்ளதை மட்டும் வாங்குங்கள். 'ரெசியூம் இருக்கிறது', அதாவது விட்ட இடத்திலிருந்தே படம் தொடரும் என்று கடையில் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம், பலவற்றில் ஸ்டாப் அழுத்தி நிறுத்தினால்தான் விட்ட இடம் நினைவிருக்கும். படம் ஓடும்போதே அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவதில் பேட்டரி இருந்தது, ஆனால் சார்ஜர் பின் போகும் ஓட்டை ஒரு வருடத்துக்குள் ஆடத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் கால் வயரில் பட்டுப் பட்டு, உள்ளே சால்டர் விட்டுப்போயிருந்தது. இப்போது இருப்பதில் பின் 'ட' மாதிரி வளைந்து உடம்போடு ஒட்டி நிற்கிறது, வயரையும் பிளேயரைச் சீட்டில் பிடித்து வைக்கும் மாட்டியிலேயே ஒரு சுற்று சுற்றிக் கட்டியிருக்கிறேன், இழுத்தாலும் இழுவை சார்ஜர் பின் வரை போகாது. கார் அடாப்டர் விஷயத்திலும் கவனம் வேண்டும். சில பிளேயர்களுக்கு 9 வோல்ட், சிலவற்றுக்கு 12. காரின் சாக்கெட்டை 12 வோல்ட் என்று சொன்னாலும் எஞ்சின் ஓடும்போது 14 பக்கம் போகும், அதனால் பின் பொருந்துகிறது என்று வேறொன்றின் வயரைச் செருகிவிடாதீர்கள். அப்புறம், பல அடாப்டர்களின் முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஃப்யூஸ் இருக்கும். ஒருமுறை பிளேயரே போய்விட்டது என்று நினைத்தோம், போனது அந்த ஃப்யூஸ்தான்.

அடுத்தது குலுக்கல். டிவிடியில் படம் பதிந்திருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவே 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி, தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 1400 முறை சுற்றுகிறது, அதில் லேசர் தடம் மாறாமல் படிக்க வேண்டும். நல்ல பிளேயர் சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும், அதனால் வேகத்தடையில் ஏறி இறங்கினால் தெரியாது. மோசமான சாலை தொடர்ந்து வந்தால் எந்த பிளேயரும் திணறும். மாட்டி தொங்கலாக இருந்தால் சின்ன அதிர்வும் பெரிதாகிவிடும், ஹெட்ரெஸ்டில் இறுக்கிப் பிடிக்கிற பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மடியில் வைத்துப் பார்க்க விடவே விடாதீர்கள். சடன் பிரேக் போட்டால் அந்தப் பெட்டி பறக்கும். குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு வாந்தியும் சீக்கிரம் வரும், கண் மட்டத்தில் திரை இருந்தால் அந்தத் தொல்லை குறைகிறது. ஓட்டுபவர் கண்ணில் திரை படக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். நீளமான படங்கள் பெரும்பாலும் 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டில் வரும். முதல் அடுக்கை உள்ளிருந்து வெளி விளிம்பு வரை படித்துவிட்டு, லேசர் இரண்டாவது அடுக்குக்கு மாறி உள்ளே திரும்பும். படத்தின் நடுவில் ஒரு கணம் நிற்பது இதனால்தான். லேசர் பலவீனமான பிளேயர் அந்த இடத்தில்தான் சிக்கும், ஆகவே முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று முடிவு செய்யாதீர்கள், நடுப்பகுதியை ஓட்டிப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்ட தட்டு லேசாக வளைந்திருந்தாலும் வெளி விளிம்பில்தான் அதிகம் ஆடும், அதுவும் இதே இடத்தில் காட்டிக்கொடுக்கும். பிளேயரையும் அப்படி வெயிலில் விடாதீர்கள், முழு சார்ஜில் சூடேறினால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும்.

யூஎஸ்பி பென்டிரைவ் போடும் வசதி இருந்தால் கரடுமுரடான சாலைக்கு அதுதான் நல்லது, சுற்றுகிற தட்டு இல்லை, குலுக்கலும் ஒன்றும் செய்யாது. ஆனால் பல பிளேயர்கள் பழைய ஏவிஐ கோப்புகளை மட்டும்தான் எடுக்கும், எம்பி4 போட்டால் முழிக்கும். பென்டிரைவை ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பயணத்துக்கு முந்தைய இரவே எல்லாக் கோப்புகளையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சரி, திரை. பெட்டியில் '1080பி' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், டிவிடியில் இருக்கும் படமே 720க்கு 480 அல்லது 576 புள்ளிகள்தான். பழைய ஏழு அங்குலத் திரைகள் சிலவற்றில் 480க்கு 234 மட்டும் இருக்கும், அதைத் தவிர்த்துவிட்டு 800க்கு 480 அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஒன்பது, பத்து அங்குலம் இருவருக்குத் தாராளம். ஒரே திரையை இருவர் பார்ப்பதால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

ஹெட்ஃபோன் துளை இரண்டு இருந்தால் சண்டை இல்லை. பிள்ளைகளுக்கென்று சத்தத்தை மட்டுப்படுத்திய ஹெட்ஃபோனாக வாங்குங்கள். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபல் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கார் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று அவர்கள் கூட்டிக்கொண்டே போவார்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், எஞ்சின் ஓடும் காரில் மாட்டி, ஒரு முழுப் படத்தை ஓட்டி, நடுவில் எஞ்சினை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் நிற்காமல் ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், நின்றால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.