ஒரே பெயரில் பல பாம்புகள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. டிராகன் பைத்தியம். போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். சீனாவில் இருந்தவர்களும் ஐரோப்பாவில் இருந்தவர்களும் அந்தக் காலத்தில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, பிறகு எப்படி இரண்டு பேருக்கும் ஒரே மிருகம் தோன்றியது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், டைனோசர் எலும்புகளைப் பார்த்துக் கட்டிய கதை என்கிறார் ஒருவர். ஆதிமனிதன் டைனோசரையே நேரில் பார்த்த நினைவு என்கிறார் இன்னொருவர். சீன டிராகன் நல்லது, ஐரோப்பிய டிராகன் கெட்டது என்கிறார்களே, அது ஏன்? நம் புராணங்களில் டிராகன் உண்டா? அவளுக்கு என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்வியில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. ஆனால் விஷயமே அந்தப் பிழையில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே மிருகம் தோன்றவில்லை. வேறு வேறு மிருகங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டியது பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள்.

'டிராகோன்' என்பது கிரேக்கச் சொல். பெரிய பாம்பு என்று பொருள். பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். பாம்புக்கு இமை கிடையாது, அதன் பார்வை நம்மை விட்டு விலகுவதே இல்லை. தமிழில் பாம்புக்குக் கட்செவி என்றொரு பெயர் உண்டு, கண்ணையே காதாகக் கொண்டது என்று. இரண்டு மொழிக்காரர்களும் பாம்பின் கண்ணைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிரேக்க டிராகோனுக்குப் பெரும்பாலும் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. உங்கள் மகள் வரைகிற டிராகனுக்கு இருக்கும் வௌவால் இறக்கை, ஐரோப்பாவின் இடைக்கால ஓவியர்கள் ஒட்டவைத்தது.

சீனத்தின் 'லுங்' வேறு பிறவி. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, கெண்டைமீனின் செதில், கழுகின் நகம், மாட்டின் காது என்று பழைய சீன நூல்கள் அதைப் பகுதி பகுதியாக விவரிக்கின்றன. இறக்கை இல்லாமலே பறக்கும். மழை அதன் பொறுப்பு. பௌத்தம் சீனாவுக்குப் போனபோது, நூல்களில் வந்த 'நாக' என்ற சொல்லை 'லுங்' என்று மொழிபெயர்த்தார்கள். நாகராஜா அங்கே போய் லுங் அரசர் ஆனார். பிற்காலத்தில் சீனம் போன ஐரோப்பியர்கள் அதே லுங்கை 'டிராகோ' என்று எழுதினார்கள். ஆக, நம் புராணத்தில் டிராகன் உண்டா என்ற கேள்விக்குப் பதில்: இரண்டு மொழிபெயர்ப்பு தாண்டி உண்டு! யாளியைச் சிலர் டிராகன் என்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. சிங்க முகமும் துதிக்கையுமாக நிற்கிற அதில் பாம்பின் சாடையே இல்லை. மெக்சிகோவின் இறகுப் பாம்பையும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வானவில் பாம்பையும்கூட இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பாவம், அவற்றுக்கு அவற்றின் பெயரே போதும்.

சரி, டைனோசர். நேரில் பார்த்த நினைவு என்பதை அப்படியே ஒதுக்கிவிடலாம். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் வந்தது நேற்று. எலும்புக் கதையில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எலும்புகள் டைனோசருடையவை அல்ல. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபூர்ட் என்ற நகரத்தின் நடுவில் பெரிய டிராகன் சிலை ஒன்று நிற்கிறது, 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. அதன் தலைக்கு மாதிரி, 1335இல் அந்தப் பக்கம் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஒரு மண்டையோடு. டிராகனின் மண்டை என்று நகரமே நம்பியது. அது பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டை.

சீனாவில் டிராகன் எலும்பு என்ற பெயரில் பழைய எலும்புகளை மருந்துக்குப் பொடிசெய்து விற்றார்கள். 1899வாக்கில் அப்படி விற்ற சில துண்டுகளில் எழுத்துக் கீறல்கள் இருப்பதை அறிஞர்கள் கவனித்தார்கள். ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டு எழுதி வைத்தவை அவை, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீன எழுத்து. அந்த எழுத்துகளுக்குள் 'லுங்' என்ற எழுத்தும் இருக்கிறது, வாலைச் சுருட்டிக்கொண்டு. டிராகன் எலும்பைப் பொடித்தவர்கள் டிராகன் என்ற சொல்லையும் சேர்த்துப் பொடித்திருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு இதைவிடப் பிடிக்கக்கூடியது ஸ்லொவேனியா. அங்கே சுண்ணாம்புக் குகைகளுக்குள் ஓல்ம் என்ற உயிரினம் வாழ்கிறது. ஒரு சாண் நீளத்தை ஒட்டிய, வெளிறிய, கண் தெரியாத, நான்கு குட்டிக் கால்கள் கொண்ட நீர்வாழ் பிராணி. பெருமழையில் குகைநீர் பொங்கும்போது சில வெளியே அடித்துவரப்படும். ஊர்க்காரர்கள் அதை டிராகன் குட்டி என்றார்கள். வால்வாசோர் என்ற அறிஞர் 1689இல் இதை எழுதி வைத்திருக்கிறார். குட்டியே வெளியே வருகிறதென்றால் தாய் உள்ளே இருக்கத்தானே வேண்டும்?

ஆனால் கவனியுங்கள், டிராகன் என்ற ஒன்றைக் கேள்விப்படாதவனுக்குக் காண்டாமிருக மண்டையில் டிராகன் தெரியாது. கதை முதலில், எலும்பு அப்புறம்.

அப்படியானால் கதை எங்கிருந்து? ஒரு பகுதிக்குப் பதில் தெரியும். ரிக் வேதத்தில் விருத்திரன் வருகிறான். அவனுக்கு 'அஹி' என்று பெயர், பாம்பு என்று அர்த்தம். தண்ணீரை அடைத்துக்கொண்டு மலைமேல் படுத்திருக்கிறான். இந்திரன் வஜ்ராயுதத்தால் அடிக்க, கன்றைத் தேடிக் கத்திக்கொண்டு ஓடும் பசுக்களைப் போலத் தண்ணீர் கடலை நோக்கி ஓடுகிறது. இதே 'அஹி'தான் பழைய ஈரானிய மொழியில் 'அஜி'. அங்கே அஜி தஹாக என்ற மூன்று தலைப் பாம்பு. பின்னாளில் பாரசீகக் காவியமான ஷாநாமாவில் அது தோளில் இரண்டு பாம்பு முளைத்த ஜஹ்ஹாக் என்ற கொடுங்கோலனாகிறது. அந்தப் பாம்புகளுக்கு உணவு மனித மூளை. கடைசியில் அவனைத் தமாவந்த் மலையில் கட்டிப் போடுகிறார்கள். இங்கே ஒற்றுமை தற்செயல் இல்லை. ஒரே குடும்பத்துக் கதை, ஒரே சொல்லோடு இரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹிட்டைட்டுகளின் கதை, இன்றைய துருக்கியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தது. புயல் கடவுளை இல்லுயங்கா என்ற பாம்பு தோற்கடித்துவிடுகிறது. அவர் மகள் இனாரா சண்டைக்கே போகவில்லை. ஜாடி ஜாடியாக மதுவோடு ஒரு விருந்து வைக்கிறாள். பாம்பு பிள்ளைகுட்டிகளோடு வந்து மூக்குமுட்டச் சாப்பிடுகிறது. திரும்பிப் போனால் வளைக்குள் உடம்பு நுழையவில்லை! ஹுபாசியா என்ற சாதாரண மனிதன் கயிற்றால் கட்டிவிடுகிறான். 712இல் எழுதப்பட்ட ஜப்பானிய நூலான கொஜிக்கியிலும் இதே தந்திரம்: எட்டுத் தலைப் பாம்புக்கு எட்டுத் தொட்டி மது. குடித்துவிட்டுத் தூங்குகிறது, சுசானோ என்ற கடவுள் வெட்டுகிறார். வாலை வெட்டும்போது கத்தி முனை முறிகிறது, உள்ளே ஒரு வாள் இருக்கிறது.

நல்லது கெட்டது என்ற பிரிவினை ரொம்ப வசதியானது, அதனாலேயே நம்பாதீர்கள். சீனத்திலும் நூவா என்ற தெய்வம் ஊரைக் காக்கக் கருப்பு டிராகன் ஒன்றைக் கொல்கிறாள். மழை பெய்யாவிட்டால் லுங் அரசரின் சிலையைத் தூக்கி வெயிலில் வைத்துக் காயவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. மேற்கில் வேல்ஸ்காரர்கள் சிவப்பு டிராகனைக் கொடியிலேயே வைத்திருக்கிறார்கள். பாபிலோனின் இஷ்தார் வாயிலில் வரிசையாக நிற்கிற முஷ்ஹுஷ்ஷு, பாம்புத் தலையும் சிங்கத்தின் முன்னங்கால்களும் கழுகின் பின்னங்கால்களும் கொண்டது, மர்துக் கடவுளின் வளர்ப்புப் பிராணி.

நான் கேட்பது வேறு கேள்வி: அது எதன்மேல் படுத்திருக்கிறது? விருத்திரன் தண்ணீரின் மேல். வட ஐரோப்பாவின் டிராகன்கள் தங்கத்தின் மேல். அங்கத்திய பழங்கதைகளில் வரும் ஃபாஃப்னிர் பிறக்கும்போது டிராகன் இல்லை. தங்கத்துக்காக அப்பனைக் கொன்று, அதன்மேல் படுத்துப் படுத்து அப்படி ஆனவன். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஒரு டிராகன் 300 ஆண்டு புதையலைக் காக்கிறது. ஒரே ஒரு கிண்ணம் திருடு போனதும் ஊரையே எரிக்கிறது. புதையலைப் பூதம் காக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அப்புறம் மணி. சங்கப் பாடல்களில் பாம்பு மணியை உமிழ்ந்து அந்த வெளிச்சத்தில் இரை தேடும். ரோமானியர் பிளினி டிராகன் தலைக்குள் இருக்கும் கல்லைப் பற்றி எழுதுகிறார், உயிரோடு இருக்கும்போதே எடுத்தால்தான் அது ரத்தினமாகுமாம்.

சீன டிராகனுக்கு முத்து. ஜுவாங்சி என்ற பழைய சீன நூலில் ஒரு கதை இருக்கிறது, இன்றிரவு அவளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆற்றோரம் புல்லில் பின்னல் வேலை செய்து பிழைக்கிற ஏழைக் குடும்பம். மகன் ஆற்றில் மூழ்கி ஆயிரம் பொன் பெறும் முத்தோடு வருகிறான். அப்பா, "ஒரு கல்லை எடுத்து வந்து இதை உடை" என்கிறார். இப்படி ஒரு முத்து ஆழமான மடுவில் கருப்பு டிராகனின் தாடைக்கு அடியில்தான் இருக்கும். அது தூங்கியதால் உனக்குக் கிடைத்தது, விழித்திருந்தால் உன்னில் ஒரு துணுக்காவது மிஞ்சியிருக்குமா என்று கேட்கிறார்.

பையன் முத்தை உடைத்தானா என்று அவள் கேட்பாள். கதையில் அது இல்லை.